கல்மூன்ஸில் ஓவியத் தாங்கி முன் மூன்டர்: காண்டின்ஸ்கியின் 1903 படம் எக்ஸ்பிரஷனிசம்தானா?

கேள்வி இது: அருவ ஓவியத்தின் (அடையாளம் தெரியும் பொருள் எதுவும் இல்லாத ஓவியத்தின்) முன்னோடி என்று பெயர் வாங்கிய வசிலி காண்டின்ஸ்கி 1903ல் ‘கல்மூன்ஸில் படம் வரையும் கப்ரியேலெ மூன்டர்’ என்று ஒரு வெளிப்புற உருவப்படம் தீட்டியிருக்கிறார். அதைத் தொடக்ககால எக்ஸ்பிரஷனிசம் என்கிறார்கள். பார்த்தால் சாதாரணமாகத்தானே இருக்கிறது? இதில் எக்ஸ்பிரஷனிசம் எங்கே, அருவம் எங்கே?

சாதாரணமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியது சரிதான். அந்தப் பெயர்ச்சீட்டைப் பின்னால் வந்தவர்கள் ஒட்டினார்கள். எக்ஸ்பிரஷனிசம் என்றால், உள்ளே இருக்கும் உணர்ச்சிக்காக வடிவத்தையும் வண்ணத்தையும் மாற்றி வரைவது. 1903ல் அப்படி ஓர் இயக்கமே கிடையாது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் ‘பாலம்’ என்ற ஓவியர் குழு தொடங்கியது 1905ல். பாரிஸில் ஓவியர் மத்தீஸின் கூட்டத்துக்கு ‘காட்டு மிருகங்கள்’ என்று பெயர் விழுந்ததும் அதே 1905ல்தான். ஜெர்மனியில் ‘எக்ஸ்பிரஷனிஸ்ட்’ என்ற சொல் பரவலானது 1911ல், பெர்லின் கண்காட்சி ஒன்றில். அங்கேயும் அது முதலில் பிரெஞ்சு ஓவியர்களைக் குறித்தது. காண்டின்ஸ்கி பிறகு அந்த வட்டாரத்தின் பெரிய ஆள் ஆனதால், அவர் இளமையில் செய்ததையெல்லாம் அதே பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள்.

ஆனால் படத்தை ஒதுக்கிவிட வேண்டாம். எக்ஸ்பிரஷனிசம் என்று தேடினால் ஏமாற்றம்தான். ஒரு மனிதரை இவர் எப்படிப் பார்க்கிறார் என்று கவனித்தால் விஷயம் இருக்கிறது. அப்புறம், படத்துக்குள் நின்று வேலை செய்யும் அந்தப் பெண்ணையும் பார்க்க வேண்டும். எக்ஸ்பிரஷனிச வெளிப்புற உருவப்படம் என்று நாம் இன்று சொல்வதை, சில வருடங்கள் கழித்து, இவரைவிடத் தெளிவாகச் செய்து காட்டியவர் அவர்தான்.

காண்டின்ஸ்கி ஓவியத்துக்கு வந்ததே தாமதமாக. மாஸ்கோவில் சட்டமும் பொருளாதாரமும் படித்தவர். 1896ல் டோர்பாட் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்க இருந்த நேரத்தில் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முப்பது வயதில் ஓவியம் கற்க மூனிக் போனார். முதலில் ஆன்டன் அஸ்பே நடத்திய தனியார் பள்ளி. அங்கே நாள் முழுக்க மாடலை வைத்து உருவம் வரைய வேண்டும். இவருக்கு அது ஒட்டவே இல்லை. அறையில் அடைந்து கிடந்து யாரென்றே தெரியாத ஆளின் தசைகளை வரைவதைவிட, வெளியே போய் மூனிக்கின் ஷ்வாபிங் பகுதித் தெருக்களில் வண்ணம் பூசுவது பிடித்திருந்தது. கூடப் படித்தவர்கள் இவரை ‘நிலக்காட்சிக்காரர்’ என்று கிண்டல் செய்தார்கள். இதை அவரே பிற்காலத்து நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அடுத்து மூனிக் கலை அகாடமியில் ஃபிரான்ஸ் ஃபான் ஷ்டுக்கிடம் போனார். அவர் இவருடைய வண்ண வெறியைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் கறுப்பு வெள்ளையில் மட்டும் வரை என்று சொல்லிவிட்டார். பிற்காலத்தில் வண்ணத்தையே ஒரு மொழியாக்கப் போகிற மனிதருக்கு இப்படி ஓர் ஆசிரியர்.

அன்றைய மூனிக்கில் உருவப்படம் என்றால் ஃபிரான்ஸ் ஃபான் லென்பாக் தான். ஜெர்மனியின் தலைவர் பிஸ்மார்க்கைத் திரும்பத் திரும்ப வரைந்து பணமும் புகழும் சேர்த்தவர். பழுப்பு இருட்டில் பின்னணி, அதிலிருந்து வெளிச்சம் வாங்கி மேலெழும் முகம், கண்ணில் ஒரு மினுக்கு. பணம் கொடுத்தவரின் முக்கியத்துவம் படத்தைப் பார்த்தவுடனே தெரிய வேண்டும் என்பது கணக்கு. 1903ல் லென்பாக் உயிரோடு இருந்தார். அடுத்த வருடம் காலமானார். காண்டின்ஸ்கியின் மூன்டர் படத்தை இந்தப் பின்புலத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு வேறு என்று புரியும்.

மூன்டர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1877ல் பெர்லினில் பிறந்தவர். பெற்றோர் மறைவுக்குப் பிறகு அக்காவோடு அமெரிக்கா போய், 1898 முதல் 1900 வரை மிசௌரி, ஆர்கன்ஸா, டெக்சஸ் என்று உறவினர் வீடுகளில் தங்கி, கோடாக் கேமராவில் நூற்றுக்கணக்கில் படம் எடுத்தார். திரும்பி வந்து மூனிக்கில் ஓவியம் கற்க நினைத்தால், அகாடமியில் பெண்களுக்கு இடமில்லை. 1920 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. படம் வரைகிற பெண்கள் என்றால் பத்திரிகைகளில் கேலிச்சித்திரம் போடும் காலம். 1901ல் காண்டின்ஸ்கியும் நண்பர்களும் தொடங்கிய ஃபாலாங்ஸ் சங்கம் ஒரு பள்ளியும் நடத்தியது, பெண்களையும் சேர்த்துக்கொண்டது. 1902ல் மூன்டர் அங்கே சேர்ந்தார். மற்ற ஆசிரியர்களைப் போல இல்லாமல் காண்டின்ஸ்கி ஒவ்வொன்றையும் பொறுமையாக, ஆழமாக விளக்கினார், தன்னை ஒரு நோக்கத்தோடு முயல்கிற மனிதராக மதித்தார் என்று மூன்டர் பின்னாளில் எழுதினார். ஒரு மாணவிக்கு அந்த நாளில் இது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1902 கோடையில் வகுப்பு முழுவதும் கோகெல் என்ற மலையடிவார ஊருக்குப் போனது. மாணவர்கள் சரிவுகளில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து உட்கார, ஆசிரியர் சைக்கிளில் சுற்றி வந்து திருத்தினார். மூன்டரிடமும் சைக்கிள் இருந்தது. மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம். காண்டின்ஸ்கி 1892லேயே அன்யா என்ற தூரத்து உறவுப் பெண்ணை மணந்திருந்தார். மனைவி வருகிறார் என்றதும் மூன்டரை முன்கூட்டியே கிளம்பச் சொல்லிவிட்டார். அடுத்த கோடை கல்மூன்ஸ். ரேகன்ஸ்பர்குக்கு வடக்கே, நாப், ஃபில்ஸ் என்று இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில், இடிந்த கோட்டை ஒன்றின் கீழ் ஒடுங்கிக் கிடக்கும் சின்ன ஊர். ‘சிவப்புக் கரும்பறவை’ என்று பெயர் வைத்த விடுதியில் தங்கினார்கள். அங்கேதான் இருவரும் தங்களுக்குள் நிச்சயம் செய்துகொண்டார்கள். மணமான மனிதரோடு நிச்சயதார்த்தம்! விவாகரத்து முறைப்படி வந்தது 1911ல். அதற்குப் பிறகும் கல்யாணம் நடக்கவே இல்லை.

இப்போது படம். கேன்வாஸில் தைலவண்ணம், 58.5 செ.மீ. சதுரம். சதுரம் என்பதைக் கவனியுங்கள். உருவப்படத்துக்கு வழக்கம் நெட்டையான சட்டம், நிலக்காட்சிக்கு அகலமான சட்டம். சதுரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, இந்தப் படத்தைப் போலவே. மூன்டர் ஓவியத் தாங்கி முன் வேலையாக இருக்கிறார். அவர் நமக்காகத் தயாராகி உட்கார்ந்த மாடல் இல்லை. சுற்றிலும் ஊரும் வெளிச்சமும் இருக்கின்றன. முகத்தைத் தேடி உள்ளே போனால் அதிகம் கிடைக்காது. லென்பாக் போன்ற ஒருவர் எங்கே தன் வித்தையைக் காட்டுவாரோ, அந்த இடத்தை இவர் சும்மா கடந்து போகிறார். உடம்பு, துணி, சுவர், நிலம் எல்லாம் வண்ணத்துக்கு ஒரே மாதிரிப் பதில் சொல்கின்றன.

இதற்குப் பின்னால் ஒரு வேலைமுறை இருக்கிறது. அந்த வருடங்களில் காண்டின்ஸ்கி வெளியே எடுத்துப் போனது சின்னச் சின்ன அட்டைகள், பெரும்பாலும் 24க்கு 33 செ.மீ. அளவில். தூரிகையைவிடத் தட்டையான வண்ணக்கத்தியை அதிகம் பயன்படுத்தினார். கத்தியால் வண்ணம் எடுத்து அப்பினால் என்ன ஆகும்? மெல்லிய கோடு வராது, விளிம்பு தடித்து நிற்கும், ஒரு வண்ணத்தின் மேல் இன்னொன்று கரையாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். கண், மூக்கு, விரல் நகம் எல்லாம் கத்திக்கு எட்டாத வேலை. ஆக, கருவியைத் தேர்ந்தெடுத்த அந்த நொடியிலேயே எதை விட்டுவிடப் போகிறோம் என்பதும் முடிவாகிவிடுகிறது. வீட்டையும் மரத்தையும் அவ்வளவாக நினைக்காமல், கத்தியால் கோடுகளையும் திட்டுகளையும் வைத்து, அவற்றைத் தன்னால் முடிந்த அளவு உரக்கப் பாடவைத்ததாக அந்தக் காலத்தைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். நம்முடைய படம் அந்தச் சின்ன அட்டைகளைவிடப் பெரியது, நிதானமானது. ஆனால் அதே பழக்கத்தில் வளர்ந்த கண்தான் இதையும் பார்த்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. அதே 1903ல் ஃபாலாங்ஸ் சங்கத்தின் ஏழாவது கண்காட்சியில் பிரெஞ்சு இம்ப்ரெஷனிச ஓவியர் க்ளோத் மோனேவின் 16 படங்களைக் கொண்டுவந்து மூனிக்கில் மாட்டினார்கள். மோனேவின் வைக்கோற்போர் ஒன்றை மாஸ்கோவில் பார்த்தபோது அது என்ன பொருள் என்றே தெரியாமல் திகைத்ததாகவும், தெரியாமலே அந்தப் படம் மனத்தில் ஒட்டிக்கொண்டதாகவும் காண்டின்ஸ்கி சொல்லுவார். எனவே 1903ன் இந்தப் படத்துக்கு ஒரு பெயர் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இம்ப்ரெஷனிசத்தின் பிற்காலக் கிளை என்பேன். வெளிச்சம், திறந்தவெளி, வேலை நடக்கும் ஒரு கணம். உணர்ச்சிக்காக வடிவத்தை முறுக்குவதோ, புல்லைச் சிவப்பாக்குவதோ இதில் இல்லை.

சுவாரசியம் என்னவென்றால், அதே வருடம் மூன்டரும் அவரை வரைந்தார். ‘நிலக்காட்சி வரையும் காண்டின்ஸ்கி’, 1903. சின்ன அட்டைதான், சுமார் 17க்கு 25 செ.மீ., ஒரு நோட்டுப்புத்தகத்தின் பக்கம் அளவு. ஆசிரியர் மாணவியை வரைகிறார், மாணவி ஆசிரியரை வரைகிறார், இருவருமே மற்றவர் வேலை செய்யும்போது பிடிக்கிறார்கள். ஓவிய வரலாற்றில் ஆண் ஓவியரும் பெண் மாடலும் ஏராளம். இருவர் கையிலும் தூரிகை இருக்கிற ஜோடி அவ்வளவு இல்லை. கல்மூன்ஸ் படத்தின் மதிப்பில் பாதி இதில் இருக்கிறது என்பது என் கருத்து. அகாடமிக்குள் விடாத ஒரு பெண்ணை, ஓவியராகவே, வேலைக்கு நடுவில் காட்டியிருக்கிறார்.

ஒப்பிட்டுப் பார்க்க 1905ல் காண்டின்ஸ்கி வரைந்த மூன்டரின் நெருக்கமான உருவப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முகம் முழுசாக, பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார். திறமையான வேலை, ஆனால் இன்னொருவர் வரைந்தது என்று சொன்னாலும் நம்பிவிடலாம். முகம் முன்னால் வந்தவுடன் இவருக்கு உள்ளே பழைய பள்ளிக்கூடம் விழித்துக்கொள்கிறது. ஓவியர் என்ற முறையில் இவர் முகங்களைத் தவிர்த்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

1904 முதல் 1908 வரை இருவரும் ஊர் ஊராகச் சுற்றினார்கள்: ஹாலந்து, துனீசியா, இத்தாலியின் ரப்பால்லோ, பாரிஸுக்கு அருகே செவ்ர், பெர்லின். இந்த இடைக்காலத்தில் காண்டின்ஸ்கி கறுப்பு அட்டையில் புள்ளிபுள்ளியாக ரஷ்யப் பழங்கதைக் காட்சிகள் செய்தார், மரக்கட்டை அச்சுகள் செய்தார். இதற்குள் விரிவாகப் போக வேண்டாம்.

1908ல் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் மூர்னாவ் என்ற சிற்றூரைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கோடையில் அலெக்ஸி யாவ்லென்ஸ்கி, மரியானெ ஃபான் வெரெஃப்கின் என்ற இன்னொரு ஓவிய ஜோடியும் வந்து சேர்ந்தது, இருவரும் ரஷ்யர்கள். நாலு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தார்கள். பிரான்ஸில் ஓவியர் கோகனின் வழி வந்தவர்களின் முறையை யாவ்லென்ஸ்கி அறிந்திருந்தார்: கறுத்த வெளிக்கோடு, அதற்குள் நிழல் இல்லாத தட்டை வண்ணம். ஊரிலேயே இன்னொரு பாடமும் காத்திருந்தது. கண்ணாடியின் பின்பக்கம் வரையும் நாட்டுப்புறப் பக்திப் படங்கள். தஞ்சாவூர்க் கண்ணாடிப் படம் பார்த்தவர்களுக்கு இந்த முறை புரியும்: கோட்டை முதலில் போட்டு, வண்ணத்தை அப்புறம் பின்னால் நிரப்ப வேண்டும். க்ரோட்ஸ் என்ற உள்ளூர் மதுவடிப்பாளர் இவற்றைப் பெரிய அளவில் சேர்த்து வைத்திருந்தார். ஹைன்ரிக் ராம்போல்ட் என்பவரிடம் மூன்டர் அந்தக் கைவேலையைக் கற்றுக்கொண்டார். காண்டின்ஸ்கியும் செய்து பார்த்தார்.

மூன்டருக்குக் கை திறந்துகொண்டது. சில நாட்கள் ஒரே நாளில் ஐந்து படம் வரை முடித்தார். இயற்கையைப் பார்த்து நகலெடுப்பதிலிருந்து ஒரு பெரிய தாவல் தாவி, உள்ளிருக்கும் சாரத்தை உணர்ந்து அதை மட்டும் வடித்துக் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டதாக 1911ல் நாட்குறிப்பில் எழுதினார். நாலு பேரில் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர் வேறு யாருமில்லை.

அந்தத் தாவலைக் கண்ணால் பார்க்க ‘யாவ்லென்ஸ்கியும் வெரெஃப்கினும்’ என்ற படம் போதும். 1908-09ல் அட்டையில் தைலவண்ணம், சுமார் 33க்கு 45 செ.மீ. பச்சைப் புல்சரிவு படத்தின் குறுக்கே சாய்கிறது. இரண்டு பேர் அதில் சாய்ந்து கிடக்கிறார்கள். பின்னால் நீல மலை. உருவங்களைச் சுற்றித் தடித்த கோடு. முகங்களில் கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. தோல் நிறத்தில் இரண்டு வெற்றுத் திட்டுகள். ஆனால் யார் என்று தெரிந்தவர்களுக்குச் சந்தேகமே வராது. தொப்பி சொல்லிவிடுகிறது, உடம்பின் கனம் சொல்லிவிடுகிறது, சாய்ந்திருக்கும் விதம் சொல்லிவிடுகிறது. எக்ஸ்பிரஷனிச வெளிப்புற உருவப்படம் எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். முகமே இல்லாத உருவப்படம், ஆனாலும் ஆள் முழுசாக இருக்கிறார்.

காண்டின்ஸ்கி இதே இடத்தில், இதே ஆண்டுகளில் வேறு பக்கம் போனார். ‘மூர்னாவ் அருகே ரயில்’ என்று 1909ல் ஒரு படம். கறுப்பு ரயில் வண்டி படத்தின் குறுக்கே ஓடுகிறது, வெள்ளைப் புகை, தந்திக் கம்பங்கள், கீழே கைக்குட்டை ஆட்டும் ஒரு சிறுமி. அந்தச் சிறுமி யார் என்பது படத்துக்குத் தேவையே இல்லை. அவள் ஒரு வெளிர்த்திட்டு; எதிரே வரும் பெரிய கறுப்புக்கு ஒரு பதில். கல்மூன்ஸில் மூன்டர் இருந்தபோது ஆளும் இருந்தார், திட்டும் இருந்தது. ஆறு வருடத்தில் திட்டு மட்டும் மிஞ்சிவிட்டது. உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு, அதாவது அருவம் எங்கே என்பதற்கு, பதில் இந்த நகர்வில் இருக்கிறது. ஆளுக்கும் சுவருக்கும் சம மரியாதை கொடுப்பதில் தொடங்கியது, ஆளும் வேண்டாம் சுவரும் வேண்டாம் என்ற இடத்துக்கு மெதுவாகப் போய்ச் சேர்ந்தது.

ஒருநாள் சாயங்கால வெளிச்சத்தில் வீடு திரும்பியபோது, என்ன பொருள் என்றே தெரியாத அற்புதமான ஒரு படம் அறையில் மின்னியதாகவும், கிட்டே போனால் அது தன் படமே, பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது என்றும் காண்டின்ஸ்கி சொன்ன கதை பிரபலம். அந்த ஒரு சாயங்காலத்தில் அருவ ஓவியம் பிறந்ததாக எழுதுபவர்களை நம்ப வேண்டாம். 1911 டிசம்பரில் கலையில் ஆன்மிகம் பற்றிய அவர் நூல் வந்தது. அதே மாதம் அவர் இருந்த மூனிக் புதிய ஓவியர் சங்கத்தின் தேர்வுக்குழு ‘காம்போசிஷன் 5’ படத்தை அளவு அதிகம் என்று தள்ள, அவரும் நண்பர்களும் கோபித்துக்கொண்டு வெளியேறி ‘நீலக் குதிரைவீரன்’ கண்காட்சியை வைத்தார்கள். 1913ல் ‘காம்போசிஷன் 7’. இப்படிப் படிப்படியாகத்தான் நடந்தது. முன்னோடி என்று சொல்லுங்கள், முதல் ஆள் என்று அடித்துச் சொல்லாதீர்கள். ஸ்வீடனில் ஹில்மா ஆஃப் க்ளின்ட் 1906லேயே அருவப் படங்களைத் தொடங்கிவிட்டார். முதல் அருவ நீர்வண்ணம் என்று 1910 தேதியோடு காட்டப்படும் காண்டின்ஸ்கி படம்கூட 1913ல் செய்தது என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு.

வெளிப்புறத்தில் உருவம் என்பதைக் கடைசிவரை கைவிடாதவர் மூன்டர்தான். 1910ல் அவர் தீட்டிய ‘படகுச் சவாரி’ இப்போது அமெரிக்காவின் மில்வாக்கி கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏரி, பின்னால் மலைகள். படகில் காண்டின்ஸ்கி நெடுநெடுவென்று நிற்கிறார். வெரெஃப்கினும் யாவ்லென்ஸ்கியின் மகன் ஆந்திரேயாஸும் உட்கார்ந்திருக்கிறார்கள். துடுப்புப் போடும் மூன்டர் நமக்கு முதுகைக் காட்டியபடி கீழே. குருவைப் போல நிற்கும் மனிதரின் படகை ஓட்டுவது யார் என்று பாருங்கள். இதை நான் பெண்ணியக் கோஷமாகச் சொல்லவில்லை. படத்தின் கட்டமைப்பே அப்படி.

1914ல் போர் வந்ததும் ரஷ்யரான காண்டின்ஸ்கி ஜெர்மனியில் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். ஜெர்மனியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. 1915-16 குளிர்காலத்தில் ஸ்டாக்ஹோமில் இருவரும் சந்தித்தார்கள், அதுவே கடைசி. 1917ல் அவர் மாஸ்கோவில் நினா என்ற பெண்ணை மணந்துகொண்டார். படங்கள் யாருக்கு என்று வக்கீல் வரை போய், 1926ல் ஒரு பகுதியை மூன்டர் திருப்பிக் கொடுத்தார், மீதி அவரிடமே தங்கியது. நாஜிகள் இந்த ஓவியங்களைச் ‘சீரழிந்த கலை’ என்று வேட்டையாடிய காலத்தில் அவற்றை மூர்னாவ் வீட்டின் நிலவறையில் ஒளித்துக் காப்பாற்றினார். 1957ல், தன் எண்பதாவது பிறந்தநாளையொட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை மூனிக் நகரத்துக்குக் கொடுத்துவிட்டார். காண்டின்ஸ்கியின் தைல ஓவியங்களே அதில் தொண்ணூறு இருக்கும்.

அவை போய்ச் சேர்ந்த இடம் லென்பாக்ஹவுஸ். ஆமாம், பிஸ்மார்க்கை வரைந்த அதே லென்பாக்கின் மாளிகை. 1920களில் நகரசபை வாங்கி அருங்காட்சியகம் ஆக்கியது. கல்மூன்ஸ் படமும் அங்கேதான் இருக்கிறது, ‘யாவ்லென்ஸ்கியும் வெரெஃப்கினும்’ படமும் அங்கேதான். நேரில் போக வாய்த்தால் கல்மூன்ஸ் படத்தை முதலில் பார்த்துவிட்டு, இடையில் எதிலும் நிற்காமல் நேராக மூன்டர் 1908-09ல் வரைந்தவற்றுக்குப் போங்கள். காண்டின்ஸ்கியின் பெரிய படங்களை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இன்னும் ஒருநாள் கையில் இருந்தால் ரயிலேறி மூர்னாவ் போகலாம். மூன்டர் 1909ல் வாங்கிய வீட்டைப் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். மாடிப்படியின் பக்கப்பலகையில் காண்டின்ஸ்கி தன் கையால் வரைந்த குதிரைவீரர்களும் பூக்களும் இன்னும் இருக்கின்றன.